முதல் ரேட்டிங் போட்டி: பேரிங் பட்டியலிலிருந்து ஸ்கோர் ஷீட் வரை

கைபேசியில் ஆயிரம் செஸ் ஆட்டம் ஆடியவரும் முதல் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) போட்டியில் எதிரே ஒரு ஆள், பக்கத்தில் ஒரு கடிகாரம், கையில் ஒரு பேனா என்று உட்கார்ந்ததும் கொஞ்சம் ஆடித்தான் போவார். காய் நகர்த்தத் தெரியும், நாலு ஓப்பனிங் தெரியும். ஆனால் எப்போது எழுதுவது, டிரா எப்படிக் கேட்பது, எதிராளி தவறாக நகர்த்தினால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் திரையில் தானாக நடந்த விஷயங்கள். இங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. தமிழ்நாட்டில் அதிகம் நடக்கும் கிளாசிக்கல் போட்டிகளை, அதாவது ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல் என்ற நேரக்கணக்கை மனதில் வைத்து எழுதுகிறேன்.

போவதற்கு முன்

பதிவு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகில இந்திய செஸ் கூட்டமைப்பில் அந்த ஆண்டுக்கான பதிவு வேண்டும், ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) அடையாள எண் வேண்டும். போட்டி அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். முக்கியமாக ஒன்றைத் தேடுங்கள்: எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் தோல்வி? அது ஒவ்வொரு போட்டியிலும் மாறும். சிலவற்றில் 15 நிமிடம், சிலவற்றில் அரை மணி. அறிவிப்பில் எதுவும் சொல்லாவிட்டால் விதிப்படி அது பூஜ்யம். ரவுண்டு தொடங்கும்போது நாற்காலியில் இருக்க வேண்டும்.

இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், அரங்கில் ஏசி இருந்தால் ஒரு முழுக்கைச் சட்டை. கைபேசியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே கொண்டுபோக அனுமதித்தாலும் முழுக்க அணைத்துப் பைக்குள்தான் இருக்க வேண்டும், அந்தப் பையையும் ஆட்டத்தின்போது ஆர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ருஸ்லான் பொனோமரியோவ் 2002இல் ஃபிடே உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டே ஐரோப்பிய அணிகள் போட்டியில் ஆட்டத்தின் நடுவே அவருடைய போன் மணி அடித்தது. ஆட்டம் தோல்வி. அன்று அவருக்குப் பிறந்தநாள். யாரோ வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பேரிங் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பேரிங் என்றால் யாருக்கு யார் எதிராளி என்று ஜோடி சேர்ப்பது. எல்லாம் ஸ்விஸ் முறைதான்: தோற்றாலும் யாரும் வெளியேறுவதில்லை, ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்கள் அடுத்த ரவுண்டில் மோதுவார்கள். முதல் ரவுண்டில் பட்டியலை ரேட்டிங் வரிசைப்படி இரண்டாக வெட்டி, மேல்பாதியின் முதல் ஆளுக்குக் கீழ்பாதியின் முதல் ஆளைப் போடுவார்கள். 120 பேர் இருந்தால் முதலாமவருக்கு 61ஆவது ஆள். ரேட்டிங் இல்லாத நீங்கள் கீழ்பாதியில்தான் இருப்பீர்கள், ஆகவே முதல் ரவுண்டில் உங்களைவிட வலுவான ஒருவர் வருவது ஏற்பாட்டிலேயே உள்ள விஷயம். தோற்றால் இரண்டாம் ரவுண்டில் உங்களைப்போலத் தோற்ற ஒருவர் வருவார். மூன்றாவது நான்காவது ரவுண்டுக்குள் பெரும்பாலும் உங்கள் அளவு ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார். உண்மையான போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஆள் ஒன்பது வயதுச் சிறுமியாக இருக்கலாம். நம் ஊரில் அது சகஜம். கால் தரையில் எட்டாத குழந்தை என்று இரக்கப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பயிற்சி வகுப்பில் வாரம் பத்து மணி நேரம் பயிலும் பிள்ளையின் பலத்தை அதன் ரேட்டிங் பெரும்பாலும் காட்டாது. மாதாமாதம் வரும் பட்டியல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

போர்டில் உட்கார்ந்ததும்

போர்டு எண்ணையும் நிறத்தையும் சரிபாருங்கள். வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம், ராணிகள் அவரவர் நிறக் கட்டத்தில். கடிகாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரம் காட்டுகிறதா, இன்கிரிமென்ட் (நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல்) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகமிருந்தால் தொடங்கும் முன்பே ஆர்பிட்டரைக் கூப்பிடுங்கள். நகர்த்தல்களை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டில் பெயர், ரவுண்டு, போர்டு எண் எல்லாம் நிரப்பிவிடுங்கள். கைகுலுக்கல். கறுப்பு ஆடுகிறவர் கடிகாரத்தை அழுத்த, ஆட்டம் தொடங்குகிறது.

இனி, புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் விதிகள்.

உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் முடிந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமா? உங்கள் முறையில், 'அட்ஜஸ்ட்' என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது முதலில் ராஜா, பிறகு யானை, இரண்டும் ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் அந்த முறை கிடையாது. யானையைத்தான் நகர்த்த வேண்டும். கடிகாரத்தையும் காய் நகர்த்திய அதே கையால்தான் அழுத்த வேண்டும்.

சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது ராணி பக்கத்தில் கிடைக்கவில்லையா? யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து 'இதுதான் ராணி' என்று வீட்டில் ஆடுவோம். இங்கே அது வெறும் யானை. கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரிடம் ராணி கேளுங்கள்.

விதிமீறிய நகர்த்தல், அதாவது செக்கில் இருக்கும் ராஜாவை விட்டுவிட்டு வேறு காயை ஆடி கடிகாரத்தை அழுத்துவது போன்றவை, முதல் முறை நடந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல். இரண்டாம் முறை ஆட்டமே போய்விடும். எதிராளி அப்படிச் செய்தால் அவரோடு வாக்குவாதம் வேண்டாம். கடிகாரத்தை நிறுத்துங்கள், கை தூக்குங்கள்.

ஆர்பிட்டரைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1974இல் மாஸ்கோவில் கார்ப்போவுக்கு எதிரான கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் தொடர்) இறுதியில் விக்டர் கோர்ச்னோய் ஆர்பிட்டரிடம் போய், தன் யானை தாக்கப்பட்டிருக்கும்போது கேஸ்லிங் செய்யலாமா என்று கேட்டார். உலகப் பட்டத்தின் வாசலில் நின்றவருக்கே அந்தச் சந்தேகம். செய்யலாம் என்பதுதான் பதில். ராஜா செக்கில் இருக்கக் கூடாது, தாக்கப்படும் கட்டத்தைக் கடக்கவோ அதில் போய் நிற்கவோ கூடாது; யானைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

எழுதுவதை ஆயுதமாக்குங்கள்

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரு தரப்பு நகர்த்தல்களையும் ஒவ்வொன்றாக எழுதுவது கட்டாயம். 30 விநாடி இன்கிரிமென்ட் இருந்தால் நேரம் எவ்வளவு குறைந்தாலும் கடைசிவரை எழுதியாக வேண்டும். காயின் ஆங்கில முதலெழுத்தும் போய்ச் சேரும் கட்டமும் போதும். குதிரைக்கு மட்டும் 'என்', சிப்பாய்க்கு எழுத்தே இல்லை. கேஸ்லிங் 0-0. உங்கள் நகர்த்தலை ஆடுவதற்கு முன்பே எழுதக் கூடாது. அது முன்பொரு காலத்தில் நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது, இப்போது தடை.

எதிராளி ஆடியதும் அதை எழுதாமலே நீங்கள் பதில் ஆடலாம் என்று விதி அனுமதிக்கிறது. அந்தச் சலுகையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஆடியதும் முதலில் பேனாவை எடுங்கள். எழுதுங்கள். எழுதும்போது அந்தக் கட்டத்தின் பெயரை மனதில் சொல்லியாக வேண்டும். அந்தக் காய் அங்கிருந்து எதையெல்லாம் பார்க்கிறது, கிளம்பி வந்ததால் எதை விட்டுவிட்டது என்று கண் தானாகத் தேடும். அதன் பிறகுதான் உங்கள் திட்டம். கிளப் மட்டத்தில், சொல்லப்போனால் 1400இலிருந்து 1700 ரேட்டிங் வரை, பெரும்பாலான ஆட்டங்களைத் தீர்மானிப்பது ஆழமான கணக்கு கிடையாது. 'இப்போது அவர் ஆடியது எதை மாற்றியது?' என்று கேட்காமல் கை நீண்ட ஒரே ஒரு கணம்தான்.

ஒரு உதாரணம். போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1. ஈ4 ஈ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை டி4. மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு தன் ஈ5 சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிட்டார். சும்மா கிடக்கிறது என்று 4. குதிரை ஈ5இல் வெட்டினால், 4... ராணி ஜி5. ராணி குதிரையையும் பார்க்கிறது, ஜி2 சிப்பாயையும் பார்க்கிறது. 5. குதிரை எஃப்7இல் வெட்டி ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் குறிவைத்தாயிற்று என்று வெள்ளை மகிழும்போது 5... ராணி ஜி2இல் வெட்டுகிறது. 6. யானை எஃப்1, ராணி ஈ4இல் வெட்டி செக். 7. பிஷப் ஈ2, குதிரை எஃப்3. செக்மேட். பிஷப் ராஜாவுக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதால் குதிரையை வெட்ட முடியாது.

இதைப் பொறி என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், இதுபோல இன்னும் ஐம்பது இருக்கின்றன. கவனிக்க வேண்டியது 3... குதிரை டி4 ஒரு நல்ல நகர்த்தலே அல்ல என்பதுதான். ஒரே காயைத் தொடக்கத்தில் இரண்டு முறை நகர்த்தியிருக்கிறார். 4. குதிரை டி4இல் வெட்டினாலோ, அமைதியாக கேஸ்லிங் செய்தாலோ வெள்ளைக்கு வசதியான ஆட்டம். 'குதிரை டி4' என்று எழுதிவிட்டு, ஒரு சிப்பாயை ஏன் விட்டார் என்று அரை நிமிடம் யோசித்தவர் தப்பிவிடுவார்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் 6½–6½ சமம். கறுப்புக் காய்களுடன் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ், டிராவாக முடியவேண்டிய நிலையை நீட்டி நீட்டி ஆடிக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்கு வைத்து யானை மாற்றத்துக்கு அழைத்தார். குகேஷ் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னது: முதலில் கவனிக்கவே இல்லை, யானையை பி3க்கு நகர்த்தத்தான் போனேன், அப்புறம்தான் அவருடைய பிஷப் மாட்டிக்கொள்வது தெரிந்தது. யானைகள் மாறிய பிறகு பிஷப் டி5. மூலையில் கிடந்த வெள்ளை பிஷப்புக்கு மாற்றத்தைத் தவிர்க்க வழியில்லை, மிஞ்சுவது தோற்கும் சிப்பாய் ஆட்டம். பட்டத்துக்கும் டிராவுக்கும் இடையே இருந்தது அந்த ஒரு மறுபார்வை.

இன்னொரு சின்ன வேலை: ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை, மீதமிருக்கும் நேரத்தை ஷீட்டின் ஓரத்தில் குறியுங்கள். நேரம் எழுத விதி அனுமதிக்கிறது. வேறு குறிப்பு, அம்புக்குறி, 'மறக்காதே' என்றெல்லாம் எழுதினால் ஆர்பிட்டர் வருவார்.

கடிகாரத்தை எப்படிச் செலவழிப்பது

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நகர்த்தலுக்கு இன்கிரிமென்டே 20 நிமிடம் தருகிறது. ஆக 110 நிமிடம், ஒரு நகர்த்தலுக்குச் சராசரி 2 நிமிடம் 45 விநாடி. நிறையவே இருக்கிறது. ஆனாலும் புதியவர்கள் இரண்டு வகையாக வீணாக்குகிறார்கள். ஒரு வகை, கைபேசி வேகத்தில் ஆடி 35 நகர்த்தலில் தோற்று, கடிகாரத்தில் 70 நிமிடம் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போவது. இன்னொரு வகை, ஏழாவது நகர்த்தலிலேயே 25 நிமிடம் மூழ்கி, 30க்குப் பிறகு அரை நிமிடக் காசில் பிழைப்பு நடத்துவது. முதல் வகைக்குத்தான் என் கோபம் அதிகம். அந்த 70 நிமிடத்துக்கும் சேர்த்துத்தானே நுழைவுக் கட்டணம் கட்டினீர்கள்?

தெரிந்த ஓப்பனிங் என்றால் முதல் பத்து நகர்த்தலை ஒரு கால் மணியில் முடிக்கலாம். காய்கள் முதன்முதலாக மோதும் இடம், ராணிகள் மாறப்போகும் இடம், சிப்பாயை முன்னே தள்ளத் தோன்றும் இடம் ஆகிய மூன்றிலும் நின்று செலவழியுங்கள். சிப்பாய் பின்னால் வராது. ஒரே வழி மட்டும் உள்ள நகர்த்தலுக்கு யோசிக்கவே வேண்டாம்; யோசனையை அதற்கடுத்த நகர்த்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளியின் நேரத்தில் எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பக்கத்துப் போர்டுகளை வேடிக்கை பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ஆடும் அரங்கை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் ஆர்பிட்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் உங்கள் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். வெளியே அப்பா அம்மா கூட்டம் நிற்கும். 'எப்படிப் போகுது?' என்ற கேள்விக்கு ஆட்டம் முடியும்வரை பதில் கிடையாது.

டிரா

டிரா கேட்கும் வரிசை: முதலில் போர்டில் நகர்த்துங்கள், பிறகு 'டிரா?' என்று கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். இருவருமே ஷீட்டில் அந்த இடத்தில் சமக்குறி போட வேண்டும். மறுத்துவிட்டால் நகர்த்தலுக்கு நகர்த்தல் கேட்டுத் தொந்தரவு செய்வது தண்டனைக்குரியது.

உங்களைவிட ரேட்டிங்கில் 200 புள்ளி அதிகமுள்ளவர் 20ஆவது நகர்த்தலில் தானாக டிரா கேட்டால், பெரும்பாலும் அவருக்குத் தன் நிலை பிடிக்கவில்லை என்று பொருள். அந்த வித்தியாசத்தில் ரேட்டிங் கணக்கு அவரிடம் எதிர்பார்ப்பது நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்று புள்ளி. சும்மா அரைப் புள்ளியை நீட்ட மாட்டார். உடனே தலையாட்டாமல் போர்டை நன்றாகப் பாருங்கள். அவசரமில்லை, நீங்கள் அடுத்த காயைத் தொடும்வரை அல்லது வாயால் மறுக்கும்வரை அவர் கேட்டது நிற்கும்.

ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலை போர்டில் ஆடிவிடாதீர்கள். ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டி எழுதக் கூடாது என்ற தடைக்கு இது விலக்கு. உரிமை கோரியது தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலையே ஆட வேண்டும். சிப்பாய் நகராமல், வெட்டு விழாமல் 50 நகர்த்தல் ஓடினாலும் இதே வழிதான். இவற்றை நிரூபிக்கத் தெளிவான ஷீட் வேண்டும். கோழி கிளறியது போன்ற கையெழுத்து இங்கே அரைப் புள்ளியைத் தின்றுவிடும்.

முடிவாட்டத்துக்கு ஒரே ஒரு நிலை

இறுதிக்கட்டப் பாடம் கடல். போட்டிக்கு முந்தைய இரவு ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள்: வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. வேறு காய் இல்லை. கறுப்பின் முறையானால் வெள்ளை ஜெயிக்கும், ஏனென்றால் கறுப்பு ராஜா வழிவிட்டாக வேண்டும். வெள்ளையின் முறையானால் டிரா. யார் முறை என்பதுதான் எல்லாமே. ராணி, யானைகளையெல்லாம் மாற்றிக்கொண்டு 'ஒரு சிப்பாய் கூடுதல், ஜெயித்தாயிற்று' என்று நினைப்பதற்கு முன் இந்த நிலைக்குத்தான் போய்ச் சேரப்போகிறோமா, சேரும்போது முறை யாருடையது என்று எண்ணிப் பாருங்கள்.

கைகுலுக்கிய பிறகு

தோல்வியை ஒப்புக்கொள்ள கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினால் போதும். ஆனால் ஒன்று: சும்மா நீட்டிய கையை டிரா என்று ஒருவரும் வெற்றி என்று மற்றவரும் புரிந்துகொண்டு வழக்காகும் சம்பவங்கள் உண்டு. என்ன முடிவு என்று வாயால் சொல்லிவிடுங்கள். இரண்டு ஷீட்டிலும் முடிவை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு முன் முடிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காய்களை அடுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

எதிராளிக்கு நேரமிருந்தால் வெளியே உட்கார்ந்து ஆட்டத்தை ஒருமுறை சேர்ந்து பாருங்கள். அவர் எதற்குப் பயந்தார், எதைப் பார்க்கவே இல்லை என்பது எந்த எஞ்சினும் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) சொல்லாத விஷயம். 1972இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் சென்னையின் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய மிகைல் தால் செஸ் கிளப்பில் சிறுவன் ஆனந்த் வளர்ந்ததும் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆடித்தான். அப்போது எஞ்சின் ஏது?

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினைத் திறக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். முதலில் ஷீட்டையும் போர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று இடத்தைக் குறியுங்கள்: எங்கே உங்களுக்குத் திட்டம் தீர்ந்துபோனது, எங்கே எதிராளியின் நகர்த்தல் ஆச்சரியப்படுத்தியது, ஓரத்தில் குறித்த நேரம் எங்கே மொத்தமாகக் குறைந்தது. அந்த மூன்றிலும் அன்று என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன்பின் எஞ்சினைக் கேளுங்கள். அது காட்டும் பத்தாவது நகர்த்தல் ஆழத்து வித்தைகளை விட்டுவிடுங்கள்; இரண்டே நகர்த்தலில் தெரிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேட்டிங் எப்போது வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் இல்லாவிட்டாலும் 26 மாதங்களுக்குள் சேர்ந்தால் போதும். முதல் போட்டியில் அவர்களிடம் ஒரு அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்த ஆட்டங்கள் கணக்கில் வராது. 2024 மார்ச்சிலிருந்து முதல் ரேட்டிங்கைக் கணக்கிடும்போது 1800 புள்ளிக்காரர்கள் இருவரோடு நீங்கள் டிரா செய்ததாகக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டியலில் வருவதற்குக் கீழ் எல்லை 1400. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதிய பட்டியல் வெளியாகும். போட்டி மாதக் கடைசியில் முடிந்திருந்தால் அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இல்லையே என்று பதற வேண்டாம், அதற்கடுத்த மாதமும் பாருங்கள்.